கீழ்வளவுக்குப் பன்னிரண்டு நிமிடம்

நான்கு குடங்களையும் வரிசையில் வைத்துவிட்டு, சூசைமாணிக்கம் மாதா கோயில் மதிலில் கையை ஊன்றி வலது காலைத் தளர்த்தி நின்றான். மணி ஆறேகால். அவனுக்கு முன்னால் பதினாறு குடம். தண்ணீர் சடசடவென்று விழுந்தது. முப்பது எண்ணுவதற்குள் ஒரு குடம் நிறைந்து, அடுத்த கை அடுத்த குடத்தை அடியில் தள்ளியது. யாரும் பேசவில்லை. பேச்சு வளர்ந்தால் கை நிற்கும், கை நின்றால் தண்ணீர் தரையில் போகும்.

அவனுக்குப் பின்னால் நின்ற ஞானசுந்தரிதான் வரிசையில் கடைசி. அவளுடைய நாலாவது குடம் விளிம்புக்கு வந்ததும் குழாய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நின்றது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். கீழ்வளவில் முப்பது வீடு, ஐந்து குழாய், வீட்டுக்கு நாலு குடம். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது.

"ஏனுங்கண்ணா, டேங்க் சாவி உங்க ஊட்டு ஆணியிலதான தொங்குது?" என்றாள் ஞானசுந்தரி. "ஒரு அஞ்சு நிமிசம் சேத்துத் தொறக்கச் சொன்னா உங்க ஊட்டுக்காரி என்ன, உங்களக் கடிச்சா தின்னுபோடுவாங்க?"

"கடிக்க மாட்டா அம்மணி. சோத்துல உப்புப் போட மறந்துபோயிருவா. எனக்கு அதான் பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். சூசைமாணிக்கமும் சிரித்தான். ஆனால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது முட்டி சுரீரென்றது, கோபமும் சேர்ந்தே வந்தது. ஊரில் ஒரு வார்டு மெம்பரின் மச்சான்கூட மெதப்பாக நடக்கிறான். தண்ணீரையே கையில் வைத்திருப்பவளின் புருசன் நொண்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது!

தேவகுமாரி பஞ்சாயத்தின் டேங்க் ஆபரேட்டர். ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. கரடியூர் பக்கத்தில் மலைச்சரிவில் மேல், நடு, கீழ் என்று மூன்று வளவுக் குடியிருப்பாகப் பிரிந்து கிடக்கிற அந்த ஊருக்கு ஒரே ஒரு பத்தாயிரம் லிட்டர் தொட்டி, ஒரே ஒரு போர்வெல். கோடை வந்தால் தொட்டி பாதிகூட நிறையாது. விடியற்காலை மோட்டாரைப் போட்டு, தொட்டியை ஏற்றி, இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வால்வு வால்வாகப் போய்த் திறந்து மூடுவது அவள் வேலை.

முதல் ஆறு வருடம் அவளும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்திருந்தாள். "ஒரு வளவுக்கு அரை மணி நேரம்" என்று தொட்டியின் தூணில் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். கிராம சபை போட்ட தீர்மானம். கீழ்வளவுக்கு அரை மணி, நடுவளவுக்கு அரை மணி, மேல்வளவுக்கு அரை மணி. இதைவிட நியாயம் எங்கே இருக்கிறது? மேல்வளவுக்காரர்கள் எப்போதும் முனகுவார்கள். "அவங்களுக்குக் கொறை சொல்லலீன்னா பொழுது போகாது" என்று கீழே பேசிக்கொள்வார்கள். அப்படிப் பேசியவர்களில் சூசைமாணிக்கமும் உண்டு, தேவகுமாரியும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மேல்வளவில் குழாய் ஒழுகுகிறது என்று வாசர் மாற்றப் போனாள். தண்ணீர் விடுகிற நேரத்தில் அவள் மேல்வளவில் நின்றது அதுதான் முதல் தடவை. குழாயிலிருந்து தண்ணீர் விரல் கனத்துக்குக்கூட வரவில்லை. மேல்வளவு தொட்டியின் உயரத்துக்கே இருக்கிறது, அழுத்தம் எங்கிருந்து வரும்? அரை மணியில் பதினோரு குடம். அங்கேயே உட்கார்ந்து எண்ணினாள். மறுநாள் கீழ்வளவில் வந்து எண்ணினாள். அதே அரை மணி, ஒரே குழாயில் அறுபது குடம். குடங்கள் நிறைந்த பிறகு வாழைக்கும் போனது, சாக்கடைக்கும் போனது.

அன்றைக்கு ராத்திரி அவள் சோறு தின்னவில்லை. "ஆறு வருசமா நா கடியாரத்தப் பாத்தனே ஒழிய கொடத்தப் பாக்கலீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு மூன்று வளவு ஆட்களையும் கோயில் வாசலுக்கு வரச் சொல்லி, எண்ணின கணக்கைச் சொன்னாள். இனி நேரத்தை வைத்துத் தண்ணீர் இல்லை, குடத்தை வைத்துத்தான். யார் வீடாக இருந்தாலும் நாலு குடம். படுக்கையில் கிடக்கிற ஆள் இருந்தால் ஒரு குடம் கூடுதல். அப்படிப் பார்த்தால் மேல்வளவுக்கு எழுபது நிமிடம் வேண்டியிருந்தது, நடுவளவுக்கு இருபத்தைந்து, கீழ்வளவுக்குப் பன்னிரண்டு. கீழ்வளவு ஆட்கள் கொஞ்ச நேரம் தாம் தூம் என்று குதித்தார்கள். அவளும் கீழ்வளவுதானே, அவள் வீட்டுக்கும்தானே குறைகிறது என்று பார்த்துவிட்டு அடங்கினார்கள். எல்லாம் வாயால் ஒத்துக்கொண்டதுதான். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சூசைமாணிக்கம் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவன். மாசி மாதம் சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஏணி சறுக்கி, முட்டி போய்விட்டது. இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி ஏறாதவனுக்கு எஸ்டேட்டில் என்ன வேலை? எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாக்கலாம் சூசை" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் கோவிந்தராஜ் வீடு தேடி வந்தார். கீழ்வளவின் கடைசியில் ஆறு அறை காட்டேஜ் கட்டி டூரிஸ்ட் ஆட்களுக்கு விடுகிறவர். அதற்குத் தரைத்தொட்டியும் உண்டு, கீழ்வளவு வால்விலிருந்து அதற்குப் போகிற குழாய் பொதுக்குழாயைவிடக் கனம்.

"கேட் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தாப் போதும் சூசை. வர்ற காருக்குக் கதவு தொறக்கணும், போற காருக்கு மூடணும், அவ்வளவுதான். மாசச் சம்பளம். உங்க முட்டிக்கு நொம்பத் தோதான வேலை" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, எழுந்திருக்கிறபோது சொன்னார்: "கோடை விழாக் கூட்டம் வருது. கீழ்வளவுக்குப் பழையபடி அரை மணி தொறக்கச் சொல்லுங்க. நா புதுசா ஒண்ணும் கேக்கல. தூணுல எழுதியிருக்கறதத்தான் கேக்கறேன்."

அன்று சாயங்காலம் சூசைமாணிக்கம் மெதுவாக ஆரம்பித்தான். சேர், கேட், மாதச் சம்பளம் எல்லாம் சொன்னான். கடைசியில் தண்ணீருக்கு வந்தான். "அரை மணி வேண்டாம் புள்ள. ஒரு பத்து நிமிசம் சேத்து உட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

தேவகுமாரி கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், விசயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் எழுந்துபோய் ஆணியிலிருந்த சாவியை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். நல்ல கனம்.

"நாளைக்கு நீங்களே தொறங்க. நா தடுக்கலீங்க. மேல்வளவுல இருவத்தாறு ஊடு. யார் யாரு ஊட்டுக் கொடத்தக் கொறைக்கறதுன்னு மட்டும் இப்பச் சொல்லிப்போடுங்க. நா போயி அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிப்போட்டு வந்தர்றேன். பாவம், வரிசைல நின்னு ஏமாறக் கூடாதுங்களே."

சூசைமாணிக்கம் மேல்வளவை மனதில் ஓட்டிப் பார்த்தான். முதல் வீடு அத்தாயி வீடு. புருசன் படுக்கையில் கிடக்கிறார், ஐந்து குடம் வாங்குகிற வீடு. அது வேண்டாம். அடுத்தது ஐயாக்கண்ணு. ஏணியிலிருந்து விழுந்தவனை முதுகில் தூக்கி ரோடு வரைக்கும் கொண்டுவந்தவன். அதற்கடுத்த வீட்டில் கைக்குழந்தை. நாலாவது வீட்டுக்குப் போகவே அவனுக்கு மனசு வரவில்லை.

"சனியன் புடிச்ச சாவி, என்ன கனம் கனக்குது" என்று அதைக் கீழே வைத்தான். "நீ போயி உன்ற வேலையப் பாரு. காட்டேஜுக்காரன் லாரித் தண்ணி வாங்கட்டும்."

மறுநாள் கோவிந்தராஜிடம் போய் முட்டி இன்னும் ஆறவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். மே ஒன்றாம் தேதி கிராம சபையில் கோவிந்தராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும் தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அங்கே கிளப்பினால் ஊர் தீர்மானத்தையே மாற்றிவிடும். நாலாம் தேதி யூனியன் ஆபீஸில் மனுக் கொடுத்தார்.

விசாரணைக்கு பிரபாகர் என்கிற அதிகாரி ஜீப்பில் வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். தொட்டியடியில் நின்றபடியே மனுவைப் படித்தார். மேல்வளவுக்கு எழுபது நிமிடம், கீழ்வளவுக்குப் பன்னிரண்டு நிமிடம், கிராம சபைத் தீர்மானத்தை மீறி அரசுத் தண்ணீரில் பாரபட்சம் காட்டுகிறார், பணியிலிருந்து நீக்க வேண்டும். சத்தமாகப் படிக்கக் கேட்டபோது சூசைமாணிக்கத்துக்கே அது அநியாயம்போலத்தான் பட்டது. வீட்டில் ஓடுகிற ஒரே சம்பளம் இப்போது அவளுடையதுதான்.

தினமும் வால்வு திறந்து மூடிய நேரத்தை எழுதி வைத்திருந்த நோட்டைத் தேவகுமாரி நீட்டினாள். பிரபாகர் நின்றுகொண்டே புரட்டினார், பிறகு தூணடிக் கல்லில் உட்கார்ந்து புரட்டினார்.

"பன்னெண்டு, இருவத்தஞ்சு, எழுவது. மூணு வருசமா ஒரு நாள் உடாம எழுதியிருக்கீங்களேம்மா. இந்த நோட்டுதான் உங்களுக்கு எதிரா இருக்கற ஒரே சாட்சி, தெரியுமா? முப்பது முப்பதுன்னு எழுதிட்டுப் போயிருந்தீங்கன்னா ஒருத்தரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"முப்பது தொறக்கலீங்களே சார்."

அவ்வளவுதான் சொன்னாள். கொஞ்சம் சமாளித்துப் பேசேன்டி என்று சூசைமாணிக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிரபாகர் நோட்டை மூடிவிட்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"சார், நீங்க பெரியவங்க. எனக்குச் சட்டம் தெரியாதுங்க. ஒருக்கா மேல வந்து ஒரே ஒரு கொடம் புடிச்சுப் பாத்துட்டு என்ன வேணாலும் எழுதுங்க."

பிரபாகர் மறுக்கவில்லை. செருப்பு சறுக்குகிற செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்க மேல்வளவுக்கு ஏறினார். சூசைமாணிக்கம் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனான். அத்தாயியின் நீலக் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்துவிட்டு, அதிகாரி வாட்சைப் பார்த்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. எல்லோரும் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று நிமிடம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் குடம் நிறைந்தது.

"முன்னால கீழ எறங்கிப் போயித்தான் கொண்டாந்தமுங்க சார்" என்றாள் அத்தாயி. "காலைல மூணு நடை. எம்பட புள்ள கவிதா பாதி நாள் பள்ளிக்கோடம் போவல. இப்ப மூணு வருசமா மொத பஸ்ஸுக்கே போயர்றா. இந்த அம்மணி எங்க சாதியுமில்ல, சனமுமில்ல. எங்க ஊட்டுல ஒரு வாய் டீ குடிச்சதில்லீங்க, கேட்டுப் பாருங்க."

கீழே இறங்கி வந்து கோயில் குழாயிலும் ஒரு குடம் பிடித்துப் பார்த்தார். முப்பது நொடி. பிரபாகர் ஈரக்கையைப் பேன்டில் துடைத்துக்கொண்டார். "நேரம் சமமா இருந்தாச் சரியாப்போச்சுன்னு நானும்தான் இருவது வருசமா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "பாத்ததப் பாத்தபடி எழுதறேம்மா."

ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் சூசைமாணிக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். இத்தனை வருடம் இவளோடு குடித்தனம் செய்திருக்கிறோம், இவள் யார் என்று யூனியன் ஆபீஸிலிருந்து ஆள் வந்து காட்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பிரபாகர் சொன்னபடியே எழுதினார். மூன்று பக்கம், இரண்டு குடத்தின் நேரமும் போட்டு. அவருக்கு மேலே இருந்தவர்கள் தீர்மானத்தைப் பார்த்தார்கள், நோட்டைப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் ஆர்டர் வந்தது. கிராம சபை புதிய தீர்மானம் போடும் வரை மூன்று வளவுக்கும் சம நேரம் வழங்க வேண்டும், தவறினால் ஆபரேட்டரைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். அடுத்த கிராம சபை ஆகஸ்ட் பதினைந்தில். அதற்குள் மழையே வந்துவிடும்.

பிரபாகரே போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "ஆகஸ்ட் வரைக்கும் ஆர்டர்படி தொறந்துடுங்கம்மா. வேலைய உட்ராதீங்க. தீர்மானத்த மாத்தறதுக்கு நா வந்து பேசறேன்."

"நீங்க எழுதுனதே போதுமுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவுது" என்றாள் தேவகுமாரி. போனை வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு மாசந்தான புள்ள" என்றான் சூசைமாணிக்கம். அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கண்ண மூடிக்கிட்டுத் தொறந்துபோட்டு வந்துரு."

"தெரியாம ஆறு வருசம் தொறந்தனுங்க. அதுக்கே இன்னும் பூசைல முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன். தெரிஞ்சு தொறந்தா எங்க போயிக் கேக்கறதுங்க?"

மறுநாள் அவளோடு பஞ்சாயத்து ஆபீஸுக்கு அவனும் போனான். சாவியை அவன்தான் தோளில் சாத்திக்கொண்டு போனான். மேசையில் வைத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டு வாங்கினாள் தேவகுமாரி. திரும்புகிற வழியில் அவள் கை சும்மா இருக்கத் தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து முறுக்கிக்கொண்டே வந்தது.

புது ஆபரேட்டராக ஜேசுதாஸ் வந்தான். அவன் மேல் குற்றமில்லை, ஆர்டரைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, போனில் அலாரம் வைத்துத் திறந்தான்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கீழ்வளவில் தண்ணீர் வந்தது. வழக்கம்போலக் குடம் குடமாக நிறைந்தது. ஞானசுந்தரியின் நாலாவது குடம் நிறைந்தது. குழாய் நிற்கவில்லை. அவள் ஒரு நொடி குழாயைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து இன்னும் இரண்டு குடம் எடுத்துவந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு கையை நீட்டித் திருகி மூடினாள். பெருமாள் வீட்டோரக் குழாய், கடைக் குழாய், ஆரம்பப் பள்ளிக் குழாய் என்று ஒவ்வொன்றாக மூடுகிற சத்தம் கேட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மூன்று வருடப் பழக்கம்.

ஐந்து குழாயும் மூடியாகிவிட்டது. ஆனால் வால்வு திறந்தே கிடந்தது. தண்ணீர் நிற்காமல் காட்டேஜின் தரைத்தொட்டியில் விழுகிற சத்தம் ஆறரை மணி வரைக்கும் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு ஜேசுதாஸ் மேல்வளவுக்குத் திறந்தான். எட்டு மணிக்குள் மேல்வளவுப் பெண்கள் காலிக் குடங்களோடு பாதையில் இறங்கி வந்தார்கள். முன்னால் அத்தாயி, அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிபாரத்தோடு கவிதா. "ஊட்டுக்கு ஒரு கொடந்தான் தேறுச்சுங்க. பொறவு காத்துதான் வந்துச்சு" என்றாள் அத்தாயி, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

ஞானசுந்தரி தன் நாலு குடத்தில் இரண்டைத் தூக்கிவந்து அத்தாயி குடத்தில் ஊற்றினாள். அதைப் பார்த்து இன்னும் சில வீட்டுக் கதவுகள் திறந்தன. தேவகுமாரி வீட்டிலிருந்து மூன்று குடம் வந்தது. சூசைமாணிக்கத்தால் ஏற முடியாது. கோயில் மதிலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு குடமாகத் தூக்கி அவரவர் இடுப்பில் ஏற்றிவிட்டான். கவிதாவின் புத்தகப் பையைத் தேவகுமாரி வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு குடத்தோடு அவர்களுக்கு முன்னால் நடந்தாள். முதல் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனது.

மேல்வளவுக்கு ஏறுகிற சிமெண்ட் பாதை காட்டேஜ் வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே ஒரு ஆள் ஹோஸ் பைப்பைப் பிடித்து, வரிசையாக நின்ற இரண்டு டூரிஸ்ட் வேன்களைக் கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு நுரையோடு தண்ணீர் கேட்டுக்கு அடியில் வழிந்து பாதை முழுக்கப் பரவியிருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடம் தளும்பாமல், கால் வழுக்காமல், அந்த ஈரத்தில் பார்த்துப் பார்த்து அடி வைத்து ஏறினார்கள்.